ஆள் குறைந்தால் தெரிய வேண்டும்: கூட்டு உடற்பயிற்சியின் பயன் எங்கிருந்து வருகிறது?

தனியாக நடப்பதைவிட நாலு பேரோடு சேர்ந்து நடப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நடப்பவர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால், ஆட்கள் கூடினாலே அந்த நன்மை தானாக ஊறிவிடும் என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை. கூட்டம் மனிதரின் முயற்சியைக் குறைக்கும் என்பதற்கு நூறாண்டுக்கும் மேலான சான்று இருக்கிறது. அதற்குப் பதில் சொன்ன பிறகே கூட்டுப் பயிற்சிக்காக வாதாட முடியும்.

பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். தனியே இழுத்தபோது சராசரியாக 85 கிலோவாக இருந்த ஓர் ஆளின் இழுவிசை, ஏழு பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 65 ஆனது. பதினான்கு பேரானபோது 61க்கு இறங்கியது. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்லும் நமக்கு இது கசப்பான கணக்கு. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் விசை வீணாகியிருக்கலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஆலன் இங்காமும் அவருடைய சகாக்களும் 1974இல் அதைச் சோதித்தார்கள். இழுப்பவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்பக்கம் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல நடித்தார்கள். உண்மையில் இழுத்தது அவர் ஒருவரே. ஆனாலும், பின்னால் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே அவருடைய பிடி தளர்ந்தது.

பள்ளி மைதானத்தில் டிரில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்வரிசைப் பையனின் கை வானத்தைத் தொடும். கடைசி வரிசைக்காரனின் கை தோளுக்கு மேல் ஏறாது. அவன் தூக்காவிட்டாலும் எண்ணிக்கை நிற்கப்போவதில்லை, யாரும் கேட்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

எதிர்த்திசைச் சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. ஓட்டோ கோலர் 1926இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லின் படகோட்டும் சங்கத்து இளைஞர்கள் சுமார் 41 கிலோ எடையுள்ள இரும்புத் தண்டைத் தாளக்கருவியின் தட்டுக்கு ஏற்ப முழங்கையை மடக்கித் தூக்கினார்கள், இனி முடியாது என்று கை விழும்வரை. பிறகு இருவரை இணைத்து இரட்டிப்பு எடையுள்ள ஒரே தண்டைக் கொடுத்தார் கோலர். அதை ஒருவரால் மட்டும் தாங்க முடியாது. ஒருவர் கைவிட்டால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. இங்கே வலுக்குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே வலுவில் மிதமான வித்தியாசம் இருந்தபோது பலன் மிகுதி. ஏறக்குறைய சமமாக இருந்தாலும், எட்டவே முடியாத இடைவெளி இருந்தாலும் அது குறைந்தது.

ரிங்கல்மானின் கயிற்றுக்கும் கோலரின் தண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் என் வாதத்தின் அடிப்படை. கயிற்றில் ஒரு கை தளர்ந்தால் மற்றக் கைகள் அதை மூடிமறைத்துவிடும். தண்டில் அப்படி மறைக்க இடமில்லை. நம் கபடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாடி வருபவனை வளைக்க இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்கிறார்கள். ஒரு விரல்பிடி நழுவினால் அந்தச் சந்தில் அவன் கோட்டுக்குப் போய்விடுவான். யார் கை நழுவியது என்பது களத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அங்கே யாரும் பாதி மனதோடு பிடிப்பதில்லை.

முயற்சி கூடுவது ஒரு பயன். முயற்சி கூடாதபோதும் உடலுக்குள் ஏதோ மாறுகிறது என்பதுதான் என்னை இன்னும் வியக்கவைப்பது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எம்மா கோஹனும் ராபின் டன்பாரும் மற்றவர்களும் 12 படகோட்டிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. உடற்பயிற்சிக்கூடத்துத் துடுப்புக் கருவியில் 45 நிமிடம் தனியாக. இன்னொரு நாள் அதே 45 நிமிடம், ஆறு பேர் ஒரே படகில் இருப்பதுபோல ஒரே வீச்சில். முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டே போனார்கள். வலிக்கிறது என்று படகோட்டி சொல்லும் புள்ளியைக் குறித்தார்கள். செலவிட்ட ஆற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனாலும் சேர்ந்து துடுப்பு போட்ட நாளில் வலி தாங்கும் எல்லை தெளிவாக உயர்ந்திருந்தது. உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். நேரடியாக அதை அளக்கவில்லை, 12 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் சொல்லவேண்டும்.

பெரிய எண்ணிக்கைக்கு ஜப்பானைப் பார்க்கலாம். ஐச்சி மாநிலத்தில் 65 வயது கடந்த 11,581 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளியானது. விளையாட்டுக் குழுவில் சேர்ந்து பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், குழுவில் சேராமல் பயிற்சி செய்தவர்கள் அன்றாட வேலைக்குப் பிறர் உதவியை நாடும் நிலைக்கு வருவது 29 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முன்பே உடல் தளர்ந்தவர்கள் குழுவுக்கு வராமல் போயிருக்கலாம் என்ற ஐயம் முழுதும் நீங்காது. குழுவில் சேராதவர் எல்லோரும் தனியாகத்தான் செய்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இருந்தும், மேலே சொன்ன சோதனைகளோடு வைத்துப் பார்க்கும்போது இந்த முடிவைத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானிலிருந்து நம் அரசும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. டோக்கியோவில் உள்ள 8 கிலோமீட்டர் நடைபாதையை முன்மாதிரியாகக் கொண்டு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் தொடங்கியது. பாதை வேண்டியதுதான், வரவேற்கிறேன். ஆனால் பாதையில் நூறு பேர் நடந்தாலும் அது ரிங்கல்மானின் கயிறுதான். நாளை ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாக வந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய், யாருடைய நடை எவ்வளவு வேகம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் நடை வேகம் சற்றே முன்பின்னாக உள்ள நான்கைந்து பேரை அவர்களால் சேர்த்துவிட முடியும். காலை ஐந்தரைக்கு நாலாவது வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் மற்றவர்கள் வாசலில் நின்று, “என்னக்கா, இன்னைக்கு வரலையா?” என்று குரல் கொடுப்பார்கள்.