ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பலின் அடுக்களை

அன்றைய பம்பாயில் வந்திறங்கிய தமிழன் வேலையை விசாரிப்பதற்கு முன்னரே உணவு விடுதியை விசாரித்தான் என்று சொல்வது மிகையன்று. மாதுங்கா ரயிலடியையொட்டி ராமா நாயக் அவர்கள் 1942-இல் நிறுவிய உடுப்பி உணவகம் போன்றவை அக்காலத்தில் நம்மவர் பலருக்குத் தாய்வீடாக விளங்கின. தாராவியிலும் செம்பூரிலும் குடியேறியோர்க்கும் சாதமும் சாற்றமுதும் கிடைக்கும் இடமே ஊரில் முதல் அடையாளம். தரையில் வாழும் நமக்கே இவ்வாறாயின், நாற்பது நாள் கரை காணாது கடல் நடுவே நின்று ஆராய்ச்சி செய்வோருக்கு அடுப்பு எத்துணை இன்றியமையாதது! அந்த அடுப்பைக் காத்தவர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாடு. கப்பலின் சமையற்கட்டை அடுக்களை என்பதா, மடைப்பள்ளி என்பதா? 'ஸ்டூவர்ட்' என்பவரைப் பரிசாரகர் என்றால் பாதிப் பொருளே வருகிறது. பண்டசாலையின் கணக்கும் அவர் பொறுப்பன்றோ? இந்தியக் கப்பலாட்கள் இந்தத் தொல்லையின்றிச் சமையற்காரரைப் 'பண்டாரி' என்றே அழைத்தனர். பண்டாரம், பண்டசாலை என்னும் சொற்களை அறிந்த நமக்கு அது அயற்சொல்லாகத் தோன்றாது. படகை நடத்துவோனைத் 'தண்டல்' என்று தூத்துக்குடித் தோணிக்காரர்கள் வழங்கும் சொல்லும் 'டிண்டல்' என்று உருமாறிக் கப்பல் ஏடுகளில் ஏறியிருக்கிறது. ஆனால் சமைப்பவனுக்கு நம் பழந்தமிழில் இருந்த பெயர் 'மடையன்'. மடை என்றால் சோறு. சோறு சமைப்பவன் மடையன். அச்சொல் இன்று எப்பொருளில் வழங்குகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சமையற்காரரை உலகம் எவ்வாறு நடத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆங்கிலேயர் நடத்திய விதமும் இதற்கு மேம்பட்டதன்று. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதை 1769-இல் தாகித்தித் தீவில் காண்பதற்காக 1768-இல் புறப்பட்டது 'எண்டெவர்' கப்பல். அதன் தலைவர் ஜேம்ஸ் குக்குக்குக் கடற்படை நிர்வாகம் முதலில் அனுப்பிய சமையற்காரர் கால் ஊனமுற்றவர். அவர் வேண்டாமென்று குக் எழுதவே, மாற்றாக வந்தவர் ஜான் தாம்ஸன். அவருக்கோ வலக்கை இல்லை! போரில் உறுப்பிழந்தோருக்கு அளிக்கத்தக்க பிழைப்பு என்றே கப்பற் சமையல் அந்நாளில் கருதப்பட்டது. ஆயினும் அந்த அடுப்பிலிருந்தே ஸ்கர்வி நோயைத் தடுக்கும் முயற்சி நடந்தது. புளிக்கவைத்த முட்டைக்கோசை மாலுமிகள் தொடவே மறுத்தனர். குக் வற்புறுத்தவில்லை, அதிகாரிகளின் மேசைக்கு மட்டும் நாள்தோறும் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் உண்ணலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரம் கழிவதற்குள் அதை அளந்து கொடுக்கவேண்டிய நிலை வந்தது.

சமையற்காரரின் கை முந்திக்கொண்டால் விஞ்ஞானம் பிந்திவிடும் என்பதற்கும் ஒரு கதையுண்டு. 'பீகிள்' கப்பலில் சென்ற டார்வின் தென்னமெரிக்காவின் சிறுவகை நெருப்புக்கோழி ஒன்றை நெடுநாள் தேடியலைந்தார். ஓவியர் மார்ட்டென்ஸ் சுட்டுவந்த பறவையைச் சமைத்து அனைவரும் உண்ட பின்னரே, தாம் தேடியது அதுதான் என்பது அவருக்கு நினைவு வந்தது. எஞ்சிய தலை, கழுத்து, கால், சிறகு, தோல் ஆகியவற்றைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார். ஜான் கூல்ட் அப்பறவைக்கு 1837-இல் டார்வினின் பெயரையே இட்டார். சமைத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

ஆழ்கடல் ஆராய்ச்சி என்பதற்கு உண்மையில் அடிகோலியது 'சாலஞ்சர்' கப்பலின் பயணம். 1872 டிசம்பரில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, 68,890 கடல்மைல் சுற்றி, 1876 மே மாதம் தாயகம் திரும்பியது. பசிபிக் பெருங்கடலில் 4,475 பாதம், அதாவது 26,850 அடி, ஆழத்தை 1875 மார்ச்சில் அளந்தது. அதன் முடிவுகள் ஐம்பது தொகுதிகளாக வெளிவந்தன. கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ 240 பேர். விஞ்ஞானக் குழுவினரோ ஓவியரையும் சேர்த்து அறுவர்.

அந்த 240 பேரில் ஒருவர் ஜோசப் மாட்கின். 1853-இல் பிறந்தவர், பயணம் தொடங்கும்போது வயது பத்தொன்பதுதான். பண்டசாலைப் பொறுப்பாளரின் உதவியாளர் என்பது அவர் பதவி. ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் தேயிலையும் அளந்து கொடுப்பதும் கணக்கெழுதுவதும் அத்தகைய பதவியின் வேலை. அளவு குறைந்தால் மாலுமிகளின் ஏச்சு. மிகுந்தால் மேலதிகாரியின் ஏச்சு. அந்நிலையிலிருந்தும் இவ்விளைஞர் தம் தாய்க்கும் உறவினருக்கும் துறைமுகந்தோறும் நீண்ட கடிதங்கள் எழுதினார். கீழ்த்தளத்திலிருந்து கண்ட சாலஞ்சர் அக்கடிதங்களில் இருக்கிறது. வலையிலும் தூர்வாரியிலும் என்ன வந்தது என்று பார்க்க முதலில் கூடிய கூட்டம், ஒரே வேலை நூறு முறை நடந்தபின் எவ்வாறு கரைந்தது என்பதை விஞ்ஞானிகளின் அறிக்கையைக் காட்டிலும் பணியாட்களின் கண் கொண்டே நாம் நன்கு அறியமுடியும். ஐம்பது தொகுதிகளும் 1895-க்குள் அச்சாகி முடிந்தன. மாட்கினின் கடிதங்கள் நூலுருப் பெற்றதோ 1992-இல். பயணம் முடிந்து 116 ஆண்டுகளுக்குப் பின்!

அதே கப்பலில் சாதாரணப் பணியாளாகச் சென்ற ஃபிரெடரிக் பியர்ஸி என்னும் சிறுவர், உயிரினங்களைப் பாதுகாக்கும் கலையைக் கற்று, பின்னாளில் எடின்பரோவில் இருந்த சாலஞ்சர் அலுவலகத்திலேயே பணியமர்ந்தார். இத்தகைய நல்வாய்ப்பு அரிதினும் அரிது.

இனி நம் நகருக்கு வருவோம். பம்பாய்க் கப்பல் கட்டுந்துறையில் 1881-இல் கட்டப்பெற்ற 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் மரக்கப்பல், இந்தியக் கடல் அளவைத் துறைக்கு உரியது. பக்கச் சக்கரங்களால் இயங்கிய நீராவிக் கப்பல் அது. அதில் இயற்கையியலறிஞராகவும் மருத்துவராகவும் இருந்த ஆல்காக், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஆழத்திலிருந்து வந்த உயிரினங்களைப் பற்றி 1902-இல் எழுதிய நூல் இன்றும் படிக்கத்தக்கது.

பம்பாயிலிருந்து சென்ற பெருங்கப்பல்களில் அடுக்களையும் பரிமாறும் வேலையும் பெரும்பாலும் கோவா மாநிலத்தவர் கையில் இருந்தன. கிறிஸ்தவர்களாதலின் எவ்வகை இறைச்சியையும் தொட்டுச் சமைப்பதில் அவர்களுக்குத் தடையில்லை என்பதே கப்பற் கம்பெனிகள் கண்ட காரணம். தோபி தலாவ், மஜகாவ் பகுதிகளில் ஒவ்வொரு கோவா ஊருக்கும் 'கூட்' எனப்படும் பொதுவிடுதி இருந்தது. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே காத்திருப்பார்கள். ஊர்ப்பெயரால் அறை எடுத்துக் கூடி வாழ்ந்த நம் மாதுங்காவாசிகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கப்பற் சோறு வரலாற்றையே அசைத்த நிகழ்ச்சியும் இவ்வூரில்தான் நடந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று கொலாபாவில் 'தல்வார்' என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தில், உண்ணத் தகாத உணவையும் அதிகாரிகளின் இழிசொல்லையும் பொறாது இந்திய மாலுமிகள் உணவை மறுத்தனர். சில நாட்களில் அக்கிளர்ச்சி கராச்சி வரை பரவியது. அரசியல் காரணங்கள் பல உண்டு, உண்மைதான். ஆனால் தொடங்கிய இடம் உணவுத்தட்டு. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தகுதிச் சான்று பெறாதவரைக் கப்பற் சமையற்காரராக அமர்த்தலாகாது என்று ஓர் உடன்படிக்கை வகுத்தது. இரண்டிற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆண்டின் ஒற்றுமையை மட்டுமே சுட்டுகிறேன்.

1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சியில் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. நம் கடற்படைக் கப்பல் 'கிருஷ்ணா' அவற்றுள் ஒன்று. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் உலாச் சென்ற கப்பல் 'ஆன்டன் புரூன்' என்று பெயர் மாறி, 1963 மார்ச்சில் பம்பாயிலிருந்தே தன் முதல் ஆராய்ச்சிப் பயணத்தைத் தொடங்கியது. ஜனாதிபதியின் விருந்தினர் அமர்ந்த கப்பலில் மிதவையுயிர் சேகரிப்போர் வந்து அமர்ந்தனர்.

1983-இல் ஜெர்மனியில் கட்டப்பெற்ற 'சாகர் கன்யா' நூறு மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ முப்பது விஞ்ஞானிகளுக்கு இடமுண்டு. தொடர்ந்து 45 நாட்கள் கடலில் இருக்கவல்லது. அதன் மாலுமிப் பொறுப்பை மும்பையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கப்பற் கழகம் நெடுங்காலம் ஏற்று நடத்தியது. இத்தகைய கப்பலில் எண்பது பேர் இருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் 45 நாளைக்கு 1,440 கிலோ. கீரை முதல் சில நாட்களில் தீர வேண்டும். பின்னர் பூசணி வகைகள். கடைசிவரை துணை நிற்பவை உருளைக்கிழங்கும் வெங்காயமும் பருப்பும். வடக்கத்தியருக்குச் சப்பாத்தி, வங்காளிக்கு மீன், தமிழனுக்கும் மலையாளிக்கும் சோறு. அலையின்போது பாத்திரம் சரியாதிருக்க அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி; தட்டு நழுவாதிருக்க மேசைமேல் ஈரத்துணி.

வாணிகக் கப்பலில் இல்லாத ஒரு தொல்லை ஆராய்ச்சிக் கப்பலில் உண்டு. குறித்த இடத்தை அடையும் நேரத்திற்கு இரவுபகல் இல்லை. பின்னிரவு மூன்று மணிக்கு நீர்க்குப்பிகளை நாலாயிரம் மீட்டர் ஆழத்திற்கு இறக்குவார்கள். மீண்டும் ஏற்றச் சில மணி நேரம் ஆகும். நனைந்து நடுங்கி வருவோருக்குச் சூடாக ஏதேனும் வேண்டும். நீர் எடுக்கும் நேரத்தில் கழுநீரைக் கடலில் கொட்டவும் கூடாது; கொட்டினால் ஆராய்ச்சிக்குரிய நீர் கெடும்.

சியாட்டில் உடன்படிக்கையின் விதிகள் விரிவுபெற்று, 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இடம்பெற்றன. உணவு இலவசமாக வழங்கப்பட வேண்டும். உண்போரின் சமயத்தையும் பழக்கத்தையும் கருத வேண்டும். சமையற்காரர் பதினெட்டு வயது நிரம்பிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பன அதில் உள்ளவை. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்தது 2015 அக்டோபர் 9 அன்று.