ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் அழுகையா? இரட்டைக் குழந்தைகளின் ராத்திரியைச் சமாளிப்பது எப்படி?

ஒரு குழந்தை பிறந்தாலே முதல் சில மாதங்களுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு என்பார்கள். அதுவே இரட்டைக் குழந்தைகள் என்றால்? ஒன்றைத் தூங்க வைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று அழ ஆரம்பித்துவிடும். அதற்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றிப் படுக்க வைத்தால், முதல் குழந்தைக்கு அடுத்த பசி வந்துவிடும். விடியும்போது கணக்குப் பார்த்தால் அம்மா சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் ஜோடி இரட்டையர்கள் பிறக்கிறார்கள் என்கிறது 2021-ல் வெளியான ஓர் ஆய்வு. 1980-களோடு ஒப்பிட்டால் இரட்டைப் பிரசவ விகிதம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. குழந்தையின்மைக்கான சிகிச்சைகள் அதிகரித்ததும், பெண்கள் கருத்தரிக்கும் வயது தள்ளிப்போனதும் இதற்கு முக்கியக் காரணங்கள். முன்பு எங்கோ ஒரு வீட்டில் கேள்விப்பட்ட விஷயம், இப்போது பக்கத்துத் தெருவிலேயே நடக்கிறது.

சரி, இந்த ராத்திரிகளை எப்படிக் கடப்பது? அம்மாவுக்கு ஓர் இரவில் நாலைந்து மணி நேரமாவது தொடர் தூக்கம் கிடைக்க என்ன வழி? பார்க்கலாம்.

ராத்திரி எத்தனை முறை பால் கொடுக்கணும்?

பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, அதாவது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் தேவைப்படும். இதில் பகல், ராத்திரி வித்தியாசமே கிடையாது.

இரட்டையர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். 2.5 கிலோவுக்குக் குறைவான எடையும் சகஜம். இப்படிப்பட்ட குழந்தைகள் பசித்தாலும் எழுந்து அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கலாம். 'நல்லாத் தூங்குது, எழுப்ப வேணாம்' என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். பிறந்தபோது இருந்த எடையை மீண்டும் எட்டி, எடை ஒழுங்காக ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ராத்திரியில் எழுப்புவதை நிறுத்தலாம்.

ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தரையும் எழுப்பலாமா?

எழுப்பலாம். இரட்டைக் குழந்தைகளின் ராத்திரியைச் சமாளிக்க இதுதான் முதல் வழி. 'தூங்குற புள்ளைய எழுப்பக் கூடாது' என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் வரவைத்து, துணி மாற்றிப் படுக்க வைக்க 35 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 முறை என்றால் 350 நிமிடம். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்தால் 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம். இருவருக்கும் சேர்த்தே கொடுத்து, ஒரு சுற்றுக்கு 45 நிமிடம் ஆனால் 450 நிமிடம்தான். ஏழரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மிச்சமாகும் 4 மணி 10 நிமிடம் அம்மாவின் தூக்கத்துக்கு.

செய்வது எப்படி? முதலில் எழுந்த குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கும்போதே, வீட்டில் இன்னொருவர் அடுத்த குழந்தையின் துணியை மாற்றி மெதுவாக எழுப்ப வேண்டும். உள்ளங்காலைத் தடவுவது, போர்த்தியிருக்கும் துணியை விலக்குவது போதும். கன்னத்தில் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது வேண்டாம். சில நாட்களிலேயே இருவரின் பசி நேரமும் ஓரளவுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

எல்லா இரட்டையர்களும் இதற்கு ஒத்துவர மாட்டார்கள். ஒருவர் நல்ல எடையோடும் இன்னொருவர் மெலிந்தும் இருந்தால், மெலிந்த குழந்தைக்குக் கூடுதலாக ஓரிரு முறை தேவைப்படலாம். அந்தக் குழந்தையின் பசியை மற்றவரின் நேரத்துக்காகக் காக்க வைக்கக் கூடாது.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கொடுப்பது?

அம்மா சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் தலையணைகளை அடுக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் உடல் அம்மாவின் இரு கைகளுக்கும் கீழே, கால்கள் முதுகுப் பக்கம் நீண்டிருக்க, தலையை உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொள்வது மாதிரி. சிசேரியன் செய்த அம்மாக்களுக்கு இந்த முறை வசதியானது, தையல் மேல் பாரம் விழாது.

முதல் வாரத்திலேயே இது வந்துவிடாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு குழந்தையாக மார்பில் சரியாகப் பற்றிக் குடிக்கப் பழகட்டும். பிறகு பகலில் ஆள் துணையோடு சேர்த்துக் கொடுத்துப் பழகிவிட்டு, ராத்திரிக்கு வரலாம்.

எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம் என்பதை அவ்வப்போது, அல்லது நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒருவர் வேகமாக உறிஞ்சுவார், இன்னொருவர் மெதுவாக. பக்கம் மாறினால் இரண்டு மார்பிலும் சுரப்பு சமமாக இருக்கும்.

குறைமாதக் குழந்தைகளால் உறிஞ்சிக் குடிக்க முடியாதபோது, பாலை எடுத்து பாலாடையில் புகட்டச் சொல்வார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் வைத்திருக்கும் சங்கு மாதிரிதான். ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்க வைத்துப் பயன்படுத்த வேண்டும். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். படுக்க வைத்து ஊற்றினால் புரையேறிவிடும்.

'ரெண்டு பேருக்கும் பால் பத்துமா?'

இரட்டையர்களின் அம்மா அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பத்தான் உடம்பு சுரக்கும். இரண்டு பேர் குடித்தால் இரண்டு பேருக்கு ஏற்றபடி சுரப்பு கூடும். பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ஆரம்ப வாரங்களில் ராத்திரிப் பாலை நிறுத்திவிட்டு, 'பால் குறைஞ்சுபோச்சு' என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

அழுகையை வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது சிறுநீர்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையும் நாளுக்கு 6 முறையாவது போக வேண்டும். இரண்டாவது எடை: முதல் சில நாட்களில் கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ எடை பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் சரியில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். கூடுதலாகப் பவுடர் பால் தேவை என்று அவர் சொன்னால் கொடுப்பதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் பக்கத்து வீட்டு யோசனையில் பசும்பால், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் வேண்டவே வேண்டாம். முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவைப்படாது.

அம்மா எப்போ தூங்குவது? ஷிஃப்ட் போடுங்கள்

சேர்த்துக் கொடுப்பது முதல் வழி என்றால், ராத்திரியைப் பங்கு போடுவது இரண்டாவது வழி. உதாரணத்துக்கு ஓர் அட்டவணை:

இரவு 8.30 – அம்மா இருவருக்கும் பால் கொடுக்கிறார். 9.15-க்குப் படுத்துவிடுகிறார். குழந்தைகள் அப்பா அல்லது பாட்டியின் பொறுப்பு.

இரவு 11.30 – முன்பே எடுத்து வைத்த தாய்ப்பாலை அப்பா கொடுக்கிறார். அம்மாவை எழுப்புவதில்லை.

அதிகாலை 2.15 – அம்மா எழுகிறார். இதற்குள் 5 மணி நேரம் தூங்கியிருப்பார். பால் கொடுத்து முடித்ததும் ஏப்பம், துணி மாற்றும் வேலையில் ஒரு குழந்தையை அப்பா பார்த்துக்கொள்கிறார்.

அதிகாலை 5.15 – அடுத்த சுற்று. இது முடிந்ததும் பாட்டியோ வேறு யாராவதோ குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் அம்மா இன்னும் ஒரு தூக்கம் போடலாம்.

பால் சுரப்பு நன்றாக நிலைபெற்ற பிறகுதான் இந்த முறைக்கு வர வேண்டும். பொதுவாக அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் தூக்கத்தைத் தொடராமல் பாலை வெளியேற்றிவிடுவது நல்லது. அந்த ஆரம்ப வாரங்களில் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டார் செய்யலாமே. குழந்தையைத் தூக்கிக் கொண்டுவருவது, ஏப்பம் வரவைப்பது, துணி மாற்றுவது, திரும்பப் படுக்க வைப்பது என ஒரு சுற்றில் பாதி வேலை இதுதான். அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீரும் ஏதாவது சாப்பிடவும் பக்கத்தில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

எடுத்து வைக்கும் பாலை ஃப்ரிட்ஜின் உள்பகுதியில் 4 நாள் வரை வைக்கலாம், கதவில் வைக்க வேண்டாம். வெளியே வைப்பதென்றால் 25 டிகிரி செல்சியஸ் வரை 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெப்பத்தில் அதை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவதே பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன் பால் இருக்கும் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நேரடியாக வேண்டாம்.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் குடித்தார், சிறுநீர் போனாரா என்று எழுதிவைத்தால், தூக்கக் கலக்கத்தில் ஒரே குழந்தைக்கு இரண்டு முறை கொடுக்கும் குழப்பம் வராது. ஷிஃப்ட் மாறும்போது யாரையும் எழுப்பிக் கேட்கவும் வேண்டாம்.

தூளியில் போடலாமா? எங்கே படுக்க வைப்பது?

இரண்டு குழந்தைகளும் அம்மா இருக்கும் அறையிலேயே, ஆனால் தனித்தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. இரட்டையர்களை ஒரே தொட்டிலில் சேர்த்துப் போடுவதை அது பரிந்துரைக்கவில்லை. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை அழுந்தாமல், சமதளமாக இருக்க வேண்டும். தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

நம் வீடுகளில் அம்மா பாயில் படுக்கும்போது, பக்கத்திலேயே ஆளுக்கொரு தனி விரிப்பில் குழந்தைகளைப் படுக்க வைப்பது எளிது. கொசுவுக்கு வலை போதும். மூடிய அறையில் கொசுவர்த்திப் புகை வேண்டாம்.

தூளி என்றால் உணர்வு சார்ந்த விஷயம். ஆனால் வளைந்த துணிக்குள் குழந்தையின் தாடை நெஞ்சோடு மடங்கி, மூச்சுப் பாதை அடைபடும் ஆபத்து உண்டு. கழுத்து நிற்காத குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் இது இன்னும் அதிகம். வீட்டார் எல்லாரும் தூங்கும் ராத்திரியில் தூளியைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டு குழந்தைகளை ஒரே தூளியில் எந்த நேரத்திலும் போடக் கூடாது.

இன்னொரு ஆபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சோபாவிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து பால் கொடுத்தபடியே அம்மா தூங்கிவிடுவது. குழந்தை நழுவி இடுக்கில் சிக்கினால் மூச்சுத் திணறும். கண் சொக்குகிறது என்றால் குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அம்மாவின் தூக்கம் குழந்தையின் பாதுகாப்புக்கும் அவசியம் என்று சொல்வது இதனால்தான்.

முழு ராத்திரி எப்போ தூங்குவாங்க?

பிறந்தது முதல் 3 மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அது துண்டு துண்டாகத்தான் இருக்கும். பகல் எது, ராத்திரி எது என்ற உடல் கடிகாரம் இரண்டாவது மாதத்துக்குப் பிறகுதான் மெல்ல உருவாகத் தொடங்கும்.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. இரண்டு மாதம் முன்பே பிறந்திருந்தால், 5 மாதக் குழந்தையின் தூக்கம் 3 மாதக் குழந்தையின் தூக்கம் போலத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

உடல் கடிகாரம் பழக நாம் உதவலாம். பகலில் வெளிச்சம், பேச்சு, விளையாட்டு. ராத்திரியில் மங்கலான விளக்கு, குறைந்த பேச்சு, செல்போனுக்கு ஓய்வு. தினமும் ஒரே நேரத்தில் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, பால் கொடுத்து, ஒரு தாலாட்டு. இருவருக்கும் ஒரே வரிசையில் இதைச் செய்தால் போதும். ஒருவரின் அழுகையில் இன்னொருவர் எழுந்துவிடுவாரே என்ற பயமும் வேண்டாம். கொஞ்ச நாளில் பல இரட்டையர்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுகிறார்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

விடாமல் அழுதால் உடனே 'உரம் விழுந்திருக்கு' என்று துணியில் போட்டு உருட்டுவது, குலுக்குவது ஆபத்து. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- பால் குடிக்க மறுப்பது, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடப்பது
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப்போவது
- நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது
- உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது
- வலிப்பு

அம்மாவையும் கவனியுங்கள்

பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் சோகம் நீடித்தால், குழந்தைகள் தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், 'என்னால முடியல, நான் நல்ல அம்மா இல்ல' என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்தால், அது மகப்பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இரட்டையர்களின் அம்மாக்களுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். இதற்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 இரண்டிலும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தன்னையோ குழந்தைகளையோ காயப்படுத்திவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அம்மாவைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

குழந்தைகளைப் பார்க்க வரும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ரெண்டையும் எப்படிம்மா சமாளிக்கிற?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பாமல், 'நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு, நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லுங்கள். வாங்கி வரும் சட்டைகளைவிட அந்த வீட்டுக்கு அதுதான் பெரிய உதவி.