விருந்தினரின் அறப்போர்: பில் சதர்லாண்டும் விடுதலைபெற்ற ஆப்பிரிக்காவும்

1960-க்குப் பிறகு ஆப்பிரிக்காவில் காந்திய வழி ஏன் தளர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. அவ்வாண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் தென்னாப்பிரிக்கக் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றது. அடுத்த மாதமே கானாவின் தலைநகர் அக்ராவில் நடந்த மாநாட்டில் அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தின் குரலாக ஃபிரான்ஸ் ஃபனான், அல்ஜீரியர்கள் ஏன் ஆயுதம் ஏந்தினார்கள் என்பதை எடுத்துரைத்தார். அத்தோடு அகிம்சையின் காலம் முடிந்தது என்பது அந்த விடை. அமெரிக்கக் கறுப்பினச் சமாதானவாதி பில் சதர்லாண்டின் (1918–2010) வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் இவ்விடை போதவில்லை. அவர் முன்னின்ற இரண்டு பெரிய முயற்சிகளும் புதிய ஆப்பிரிக்க அரசியல் தலைமைகளின் ஆதரவில் நடந்தவை. அவற்றின் வலிமையும் எல்லையும் அங்கிருந்தே வந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரண்டாம் உலகப் போரில் சேர மறுத்து லூயிஸ்பர்க் சிறைக்குச் சென்றவர் சதர்லாண்ட். 1952-இல் தென்னாப்பிரிக்காவில் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கம் தொடங்கியபோது, ஜார்ஜ் ஹவுசர், பயர்ட் ரஸ்டின் ஆகியோருடன் அதற்கு அமெரிக்காவில் ஆதரவு திரட்டினார். மறுவருடம் கோல்ட் கோஸ்ட்டுக்கு (இன்றைய கானா) குடிபெயர்ந்தார். பின்னாளில் கானாவின் முதன்மை நாடகாசிரியராகப் புகழ்பெற்ற எஃபுவாவை மணந்தார். நாடு 1957-இல் விடுதலை பெற்றபின் நிதியமைச்சர் கோம்லா பெடெமாவின் தனிச் செயலாளரானார். ஆட்சியைப் பிடித்த ஓர் இயக்கத்தின் உள்வட்டத்தில் ஒரு சமாதானவாதி அமர்ந்தது அபூர்வமான நிலை. வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் கொண்டு போராடிச் சிறை சென்ற குவாமே என்க்ருமா, 1951 தேர்தல் வெற்றியால் விடுதலையாகி ஆட்சிப் பொறுப்பேற்றவர். எனவே காந்திய வழி அங்கே வெளியிலிருந்து வந்த உபதேசமாக இருக்கவில்லை. அரசின் பிறப்புக் கதையிலேயே இருந்தது.

முதல் சோதனை 1959 டிசம்பரில் வந்தது. அல்ஜீரிய சகாராவின் ரெகானில் பிரான்ஸ் நடத்தவிருந்த அணுகுண்டுச் சோதனையைத் தடுக்க, பல நாட்டவர் அடங்கிய குழு அக்ராவிலிருந்து வடக்கே புறப்பட்டது. சதர்லாண்டுடன் ரஸ்டின், பாதிரியார் மைக்கேல் ஸ்காட் முதலியோரும் கானா நாட்டுத் தொண்டர்களும் இருந்தனர். எல்லை தாண்டிய சிறிது தூரத்திலேயே, அப்பர் வோல்டாவின் பிட்டு ஊரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவர்களை மறித்தனர். ரெகான் அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். மீண்டும் முயன்றும் பயனில்லை. 1960 பிப்ரவரி 13 அன்று குண்டு வெடித்தது. கானா தன் நாட்டிலிருந்த பிரெஞ்சுச் சொத்துக்களை முடக்கியது.

பயணத்தை வெறும் தோல்வியாகக் கணக்கிடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அரசின் ஆதரவில்லாமல் அக்குழு எல்லைவரைகூட அவ்வளவு பகிரங்கமாகச் சென்றிருக்க முடியாது. ஆனால் எல்லைக்கு அப்பால் அதற்கு மக்கள் பலம் இல்லை. ரெகானைச் சுற்றி வாழ்ந்தவர்கள் எழுப்பிய போராட்டமாக அது வளரவில்லை. வளர வழியும் இருக்கவில்லை.

இரண்டாவது முயற்சியில் இந்த முரண் இன்னும் துலக்கமானது. 1962-இன் தொடக்கத்தில் லெபனானின் ப்ரும்மானாவில் உலக அமைதிப்படை உருவானது. அதன் மூன்று இணைத்தலைவர்களுள் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஒருவர். தாருஸ்ஸலாமில் தளம் அமைத்த சதர்லாண்டும் தோழர்களும், தங்கனீகாவின் ஜூலியஸ் நியெரெரேயின் கட்சியோடும் வடக்கு ரொடீசியாவின் கென்னத் கவுண்டாவின் கட்சியோடும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். வடக்கு ரொடீசியாவில் பொது வேலைநிறுத்தம் வெடித்தால், தங்கனீகாவிலிருந்து எல்லை கடந்து அகிம்சைப் பேரணி செல்லும். இம்முறை உள்ளூர் மக்கள் இயக்கம் இருந்தது, தலைவர் இருந்தார், அண்டை அரசு இருந்தது. ஆயினும் பேரணி நடக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் தேர்தலில் பங்கேற்கக் கவுண்டா முடிவெடுத்ததும் அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. கவுண்டா செய்தது சரியான அரசியல் என்றே நான் கருதுகிறேன். 1964 அக்டோபர் 24-இல் வடக்கு ரொடீசியா சாம்பியா என்ற பெயரில் விடுதலை பெற்றது. ஆனால் போராட்டத்தை எப்போது தொடங்குவது, எப்போது கைவிடுவது என்ற அதிகாரம் அமைதிப்படையிடம் ஒருபோதும் இருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மொசாம்பிக்கின் ஆயுத விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவும் அதே 1962-இல், அதே தாருஸ்ஸலாமில்தானே தொடங்கியது? அதுவும் விருந்தினர்தானே? உண்மைதான். ஆனால் கெரில்லாப் படை சிறு எண்ணிக்கையில் எல்லை கடந்து, பின்னரே மக்களிடையே வேரூன்ற முடியும். அறப்போருக்கு மக்கள் திரள் முதல் நாளிலேயே வேண்டும். விருந்தோம்பலைச் சார்ந்திருப்பது இருவரையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை.

இன்னொரு விலையும் இருந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தைக் கானா 1958-இலும் தங்கனீகா 1962-இலும் இயற்றின. அடைக்கலம் தந்த அரசையே எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்வது ஓர் அயல்நாட்டவருக்கு எளிதன்று. சதர்லாண்டின் வரலாற்றை எழுதுவோர் இதை மென்மையாகக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மறுபுறம், ஆயுதம் ஏந்தியோரோடு உறவை முறிக்காமலும் தன் நிலையை விடாமலும் அவர் பல்லாண்டுகள் தான்சானியாவில் (முன்னாள் தங்கனீகா) வாழ்ந்தார். மாட் மேயருடன் எழுதி 2000-இல் வெளிவந்த ‘கன்ஸ் அண்ட் காந்தி இன் ஆஃப்ரிக்கா’ நூல் அந்த நீண்ட உரையாடலின் விளைவு.

1970-களில் குவேக்கர் அமைப்பொன்றின் தெற்கு ஆப்பிரிக்கப் பிராந்தியப் பிரதிநிதியாகி, அமெரிக்க நகரங்களில் நிறவெறிக்கு எதிராகப் பேசினார். பிட்டுவிலும் தாருஸ்ஸலாமிலும் இல்லாத ஒன்று அங்கே அவருக்கு இருந்தது: தன் சொந்த அரசைக் கேள்வி கேட்கும் குடிமகனின் இடம். அதிபர் ரீகனின் வீட்டோவை மீறி 1986-இல் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை விதித்தது அமெரிக்க நாடாளுமன்றம். பல்கலைக்கழகங்களும் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் கொடுத்த நெருக்கடியின் விளைவு அது; அந்தப் பெருந்திரளில் சதர்லாண்ட் ஒருவர் மட்டுமே. ஆனாலும் அவர் நம்பிய வழி எந்த அரசின் தயவும் இன்றி வென்றது அங்கேதான்.