புர்தா பிறந்த வரலாறு

மீலாது மாதத்திலும், நோயுற்றார் படுக்கையருகிலும் நம் இல்லங்களில் ஓதப்பெறும் கஸீதத்துல் புர்தாவை அறியாதார் மிகச் சிலரே. அதனை யாத்த பெருமகனாரின் வரலாற்றை அறிந்தாரும் அவ்வாறே சிலர்தாம்.

இமாம் ஷரபுத்தீன் முஹம்மது அல்பூஸிரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 608இல், அதாவது கி.பி. 1212இல், மிஸ்ரு நாட்டில் பிறந்தார்கள். பில்பைஸ் நகரில் அரசாங்க எழுத்தராக ஊழியம் பார்த்தார்கள். உடனிருந்த ஊழியர்களின் கையாடல்களை எள்ளி நகையாடியும் பாடினார்கள். வாழ்வின் தேவைக்காகப் பிரபுக்களைப் புகழ்ந்தும் பாடினார்கள்.

அத்தகையவரைப் பக்கவாதம் தாக்கிற்று. உடலில் ஒரு பாதி செயலற்றுப் போயிற்று. அந்நிலையிலேதான் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது இப்பாமாலையைத் தொடுத்தார்கள். அழுதழுது அதனை ஓதியவாறே உறங்கிவிட்டார்கள். கனவிலே நபிபெருமான் (ஸல்) அவர்கள் தோன்றி, தம் திருக்கரத்தால் முகத்தைத் தடவி, மேலாடையையும் போர்த்தினார்களாம். விழித்தெழுந்தபோது நடக்கும் ஆற்றல் திரும்பியிருந்தது. இதனை எவரிடமும் சொல்லாமல் வெளியே சென்றவரை ஒரு ஃபகீர் வழிமறித்து, "நோயில் பாடிய கவிதையைத் தாரும்" என்று கேட்டாராம். கவிஞரே கூறியதாக இச்செய்தியை இப்னு ஷாகிர் அல்குதுபீ எழுதிவைத்துள்ளார்.

முன்னொரு காலத்தில், உயிருக்கு அஞ்சி மதீனா வந்து மன்னிப்பு வேண்டிப் பாடிய கஅப் பின் ஸுஹைர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் தம் மேலாடையைப் போர்த்தினார்கள் என்பது வரலாறு. பூஸிரி இமாம் கனவில் பெற்ற போர்வையால் இக்கவிதைக்கும் 'புர்தா' என்பதே பெயராயிற்று. நோய் நீங்கியமை கருதிப் 'புர்ஆ' என்று அழைத்தாரும் உண்டு.

ஆயினும், வியப்புக்குரிய செய்தி இனிமேல்தான் உள்ளது. சுமார் 160 பைத்துகள், 10 பகுதிகள் கொண்ட இக்கஸீதாவைத் துருவித் தேடினாலும், தம் பக்கவாதத்தைப்பற்றி இமாமவர்கள் ஓரிடத்திலும் முறையிடக் காணோம். நபிகளாரின் கரம் தொட்ட மாத்திரத்தில் பிணியாளர் பலர் நலமுற்றதைப் பாடுகிறார்கள். 'எனக்கும் அவ்வாறே ஆகுக' என்று கேட்கவில்லை. இரண்டாம் பகுதி நஃப்ஸின் கேட்டைப் பேசுகிறது. ஒன்பதாம் பகுதியிலோ, கவிதையிலும் பிறர்க்கு ஊழியம் புரிவதிலும் கழிந்த ஆயுளின் பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டுகிறார்கள். கைகால் விளங்காமல் கிடந்தவருக்கு உள்ளத்தின் நோயே பெரிதாகத் தோன்றியிருக்கிறது!

நம் பிள்ளைகளுக்கு 'ஐனை'யும் 'ஹம்ஸா'வையும் பிழையற மொழியக் கற்பிக்கிறோம். பொருளைக் கற்பிக்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. உடல் நலம் நாடிப் புர்தா ஓதும் இல்லத்தார், அந்த ஒன்பதாம் பகுதியையேனும் பொருளுணர்ந்து ஓதுவார்களாக! அதனைப் பாடியவர் முதலில் கேட்டது எதுவென்று அப்போது விளங்கும்.