பல் நடும் கலையும் மருந்தின் வேளையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மாநகரத்துச் செல்வர்களிடையே, தம் வாயில் விழுந்த பல்லுக்கு ஈடாக, பணத்துக்குப் பல்லை விற்கத் துணிந்த ஏழை ஒருவனின் வாயிலிருந்து நல்ல பல்லைப் பிடுங்கி, ரத்தம் உலருமுன் தம் ஈறில் பொருத்திக்கொள்ளும் ஒரு விபரீத வழக்கம் பரவியிருந்தது. மனிதப் பற்களின் இயற்கையைப் பற்றி 1771-இல் பேர்பெற்ற நூலொன்றை வெளியிட்டவரும், சேவலின் கொண்டையிலே மனிதப் பல்லை நட்டுக் காட்டியவருமான ஜான் ஹண்டர் என்னும் சஸ்திர வைத்தியரே இவ்வழக்கத்தை ஆதரித்தார். ஆயினும், நட்ட பல் நெடுநாள் நிலைக்கவில்லை; பல்லோடு மேகநோயும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுகிறது என்ற அச்சம் எழவே, வழக்கம் நாளடைவில் மறைந்தது.

கிருமிகளே ரணத்தைச் சீழ்ப்பிடிக்கச் செய்கின்றன என்ற ஞானம் அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே சிகிச்சைக்கூடத்துக்குள் பிரவேசித்தது. கிளாஸ்கோ நகரத்து ராஜாங்க வைத்தியசாலையில், 1865-இல், எலும்பு முறிந்து தோலையும் கிழித்திருந்த ஒரு சிறுவனின் காலுக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டி, சீழின்றி ஆற்றினார். அவருடைய மாணவர் வில்லியம் மெக்யூவன், 1880-ஆம் ஆண்டையொட்டி, மேற்கை எலும்பை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு குழந்தைக்கு, வளைந்த காலை நிமிர்த்தும் சிகிச்சையில் பிற நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த எலும்புத் துண்டுகளை ஒட்டி, பயன்படும் கையொன்றை மீட்டுத் தந்தார். ஆன்டிபயாடிக் என்பது கனவிலும் தோன்றாத அந்நாளில் அவ்வெலும்பு பிழைத்தது சுத்தத்தினால் என்பதை, இன்றைய மருந்துகளின் பெருமையைப் பேசுமுன் நினைவில் வைத்தல் நலம்.

பல் நடும் கலை மறுபிறவி எடுத்தது ஸ்வீடன் தேசத்தில். எலும்புக்குள் ரத்தம் ஓடும் விதத்தைப் பார்ப்பதற்காக 1952-இல் லுண்ட் நகரத்தில் முயலின் கால் எலும்பிலே டைட்டேனியத்தால் ஆன சிறு கூடொன்றைப் பதித்த பெர்-இங்வார் பிரோனமார்க், ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது, உலோகமும் எலும்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றியிருக்கக் கண்டார். வேறொன்றைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த இந்த உண்மையைக் கொண்டு, 1965-இல் கோத்தன்பர்க் நகரத்தில், மனிதனின் தாடையில் முதன்முதலாக அவர் டைட்டேனிய வேர்களை நட்டார். அந்த நோயாளி நாற்பதாண்டுகளுக்கு மேல், தம் ஆயுள் முடியும்வரை, அவற்றோடு வாழ்ந்தார்.

பிரோனமார்க் கூட்டத்தார் வகுத்த சிகிச்சைக் கிரமத்தில், நட்ட டைட்டேனியத் திருகு ஈறுக்கடியில் மாதக்கணக்கில் மூடி வைக்கப்பட்டதோடு, நோயாளிக்கு ஏறக்குறைய பத்து நாட்கள் பெனிசிலினும் கொடுக்கப்பட்டது. புதிய முயற்சி தோற்றுவிடலாகாதே என்ற ஜாக்கிரதை அதில் இருந்தது, அது நியாயமே. ஆனால் முன்னோடி ஒருவரின் ஜாக்கிரதை, பின்வந்தோரின் கையில் கேள்வியற்ற சம்பிரதாயமாவது எந்தக் கலையிலும் காணக்கூடியது.

தாடையெலும்பு தேய்ந்தவர்களுக்கு இடுப்பிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எலும்பை எடுத்து ஒட்டும் முறை வளர்ந்தபோது (மேல்தாடைக் காற்றறையின் தளத்தை இடுப்பெலும்பால் உயர்த்திய முறையை பாய்ன், ஜேம்ஸ் என்னும் இருவர் 1980-இல் பிரசுரித்தனர்) தொற்றைப் பற்றிய அச்சம் இன்னும் மிகுந்தது. அதற்குக் காரணமும் உண்டு: ஒட்டப்பட்ட எலும்புக்குச் சொந்தமான ரத்த ஓட்டம் இல்லை, சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் அதற்குள் வளரும்வரை, அங்கே புகுந்த கிருமியை ரத்தத்தின் வழியே செல்லும் மருந்து எளிதில் எட்டாது. ஆகவே மருந்து கொடுக்கும் நாட்களைக் கூட்டுவோம் என்று பலர் முடிவுகட்டினர். ஆனால் அதே காரணம், ஆழ்ந்து நோக்கினால், வேறு முடிவுக்கே இழுத்துச் செல்கிறது.

அமெரிக்க சஸ்திர வைத்தியர் ஜான் பர்க் 1961-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த முடிவைத் தெளிவாக்கியது. கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, மருந்தை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்த அவர், கிருமி புகுமுன் கொடுத்த மருந்தே முழுப் பலனளித்தது என்றும், மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தது ஏறக்குறைய வீண் என்றும் கண்டார். திருடன் உள்ளே புகுந்து ஒளிந்தபின் வாசலில் எத்தனை நாள் காவல் வைத்தென்ன? கத்தி படும் வேளையில், எலும்புத் துண்டைச் சூழ்ந்து உறையும் ரத்தத்திலேயே மருந்து கலந்திருக்க வேண்டும்.

இந்நூற்றாண்டின் சோதனைகள் இக்கருத்துக்கு அரண் செய்தன. ஹாலந்தில் 2003-இல், இருபது பேரை மட்டும் கொண்டு நடந்த சிறு சோதனையொன்று, எலும்பு ஒட்டுமுன் ஒரே வேளை கொடுத்த பெனிசிலினே தொற்றைக் குறைத்ததாகக் காட்டியது. சாதாரணமாகப் பல் நடும் சிகிச்சையைப் பற்றி ஆறு சோதனைகளையும் 1,162 பேரையும் சேர்த்து ஆராய்ந்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் 2013-ஆம் ஆண்டு மதிப்புரை, முன்னதாக அமாக்சிசிலின் என்னும் பெனிசிலின் வகை மருந்து கொடுப்பதால் இருபத்தைந்து பேரில் ஒருவருக்கு நட்ட வேர் விழாமல் காக்கப்படுகிறது என்று கணக்கிட்டது. பின்னும் பல நாள் கொடுப்பதால் நன்மை உண்டா என்பதற்கோ அதில் ஆதாரம் கிட்டவில்லை.

மிகுதியாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. ஒவ்வாமையும், குடலின் நற்கிருமிகள் அழிவதும், மருந்துக்கு அடங்காத கிருமி இனங்கள் பெருகுவதும் கெடுதல்கள் அல்லவா? பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், அளவு குறைந்த பிரயோகமும் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

ஆதலால், எலும்பு ஒட்டிப் பல் நட்டுக்கொள்ளப் போகும் வாசகர்கள், பெனிசிலின் தமக்கு ஒவ்வாததாயின் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். மருந்து எப்போது, எத்தனை வேளை, எதற்காக என்று கேட்கவும் தயங்கலாகாது. சுத்தமான கையும் தக்க வேளையில் ஒரு முறை கொடுத்த மருந்தும் செய்யும் காவலை, பின்னர் பத்து நாள் விழுங்கும் மாத்திரை செய்யும் என்பதற்கு இச்சரித்திரத்தில் சாட்சியமில்லை.