காசம்: இருமலின் பெயர் ஒரு நோயின் பெயரான வரலாறு

காசம் என்ற வடசொல்லின் முதற்பொருள் இருமல். ஆயுர்வேதம் காசத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் வருவன மூன்று. நெஞ்சுக்குள் பட்ட காயத்தால் வருவது நான்காவது. உடல் தேய்வால் வருவது ஐந்தாவது. அந்தத் தேய்வைக் குறித்த க்ஷயம் என்ற சொல்லே தமிழில் சயரோகம் ஆயிற்று. 1882 இல் ராபர்ட் கோக் அந்த நோயின் கிருமியைக் கண்டறிந்தார். இன்று காசநோய் என்ற பெயர் அந்தக் கிருமி தரும் நோய்க்கு மட்டுமே உரியது.

மட்டக்களப்பு உள்ளிட்ட இலங்கைத் தமிழில் மூக்கொழுகும் நோய் தடிமன். நெஞ்சிலிருந்து வருவது சளி. தமிழ்நாட்டில் இரண்டுக்குமே சளி என்பார்கள். ஈழத்து வழக்கின் இந்தப் பிரிப்பு மருத்துவருக்குப் பேருதவி: ‘சளி வருகிறதா’ என்ற கேள்வி இங்கே ஒரே பொருள் தரும். மூச்சிரைப்புக்கு முட்டு என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அன்றாடம் சளி கக்கவைக்கும் வருத்தத்துக்குப் பேச்சு வழக்கில் நிலைத்த பெயர் இல்லை. அது காசமாகவோ முட்டாகவோ எண்ணப்படுகிறது.

இந்த வருத்தத்தை 1819 இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் விவரித்தார். பிராங்கியெக்டாசிஸ் என்ற இதன் பெயர் குழாயையும் விரிவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆனது. இலங்கைப் பாடநூல்கள் மூச்சுக்குழலை வாதனாளி என்றும் நுரையீரலைச் சுவாசப்பை என்றும் சொல்கின்றன. வாதனாளியிலிருந்து பிரிந்து சுவாசப்பைக்குள் கிளைக்கும் குழாய்களின் சுவர் சிதைந்து, மீளாதபடி விரிந்துபோவதே இந்நோய். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அழிவதால் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகுகிறது. அழற்சி சுவரை மேலும் சிதைக்கிறது.

சிறுவயதுச் சின்னமுத்து, குக்கல், கடும் நியுமோனியா ஆகியவை இதற்குக் காரணமாகலாம். தெற்காசியாவில் முதன்மையான காரணம் காசநோயே. 2019 இல் வெளியான இந்தியப் பதிவேட்டின் 2195 நோயாளரில் 35.5 விழுக்காட்டினருக்கு நோயின் மூலம் பழைய காசநோய்தான். கிருமி ஒழிந்தும் வடு எஞ்சுகிறது. காசம் என்ற சொல்லின் பொருள் சுருங்கியது நோயாளியை வருத்துவது இங்கேதான். குணமானவர் மறுபடி இருமினால் காசம் திரும்பிவிட்டது என்று ஊர் ஒதுங்குகிறது. தேவையற்ற காசநோய் மருந்தும் தொடங்கப்படலாம். காசநோய் உண்மையிலேயே மீண்டும் வரக்கூடும் என்பதால் சளிப் பரிசோதனை முதலில் அவசியம். அதில் கிருமி இல்லையென்றால் சீ.டீ. ஸ்கான் விரிந்த குழாய்களைக் காட்டும்.

விரிந்த குழாய் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் நோயை அடக்கிவைக்க முடியும். மருத்துவத்தின் அடிப்படை அன்றாடம் சளியை வெளியேற்றுவது. இயன்மருத்துவர் கற்பிக்கும் மூச்சுப்பயிற்சி, பாதிக்கப்பட்ட பகுதி மேலே இருக்கும்படி படுத்துச் சளியை வடியவிடுதல், வாயைத் திறந்து வேகமாக மூச்சை வெளியே தள்ளுதல் ஆகியவை முக்கிய முறைகள். மருந்து எத்தனை விழுங்கினாலும் இதற்கு ஈடாகாது. நடைப்பயிற்சியும் சளியை இளக்கும்.

சளி கூடி, நிறம் மாறி, காய்ச்சலும் சேர்ந்தால் சளியை வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் 14 நாள் நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ இப்படி நோய் முற்றுவோருக்கு அசித்ரோமைசின் நீண்டகாலம் கொடுப்பதுண்டு. அதற்கு முன் காசநோயின் உறவுக்கிருமிகள் சளியில் இல்லை என்று உறுதிசெய்வது கட்டாயம். இன்புளுவென்சா, நியுமோகொக்கஸ் தடுப்பூசிகள் நன்மை தரும். புகைத்தலைக் கைவிட வேண்டும். சளியில் இரத்தக் கீற்று தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தம் மிகுதியாக வந்தால் தாமதமின்றி போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.