பலூன்காரர்களும் ஆக்லாந்தின் காற்றும்

நியூசிலாந்து வானில் மனிதர் பறந்த வரலாறு 1889 ஜனவரி 21 அன்று தொடங்குகிறது. தாமஸ் பால்ட்வின் என்ற அமெரிக்கர் தென் தீவிலுள்ள டனீடின் நகரில் பலூனில் மேலே போய், பாராசூட்டில் குதித்துத் தரை இறங்கினார். மோன்கோல்ஃபியர் சகோதரர்களின் சுடுகாற்று பலூன் பாரிசுக்கு மேலே இரண்டு பேரைச் சுமந்து சென்று அப்போது 105 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1783இல் பிரெஞ்சு அரசரும் அறிவியல் கழகமும் கூர்ந்து கவனித்த கருவி, தென்கடல் தீவுகளுக்கு வந்தபோது டிக்கெட் விற்கும் வேடிக்கையாக மாறியிருந்தது. பலூன்காரர்கள் சர்க்கஸ் கம்பெனிகளைப் போலக் கப்பலேறி ஊர் ஊராகப் போனார்கள். 'புரொபசர்', 'கேப்டன்' என்ற பட்டங்களைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். அதே 1889 ஜனவரியில்தான் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் பம்பாயில் பறந்து காட்டினார். அவரிடம் கற்ற ராம்சந்திர சட்டர்ஜி மே மாதம் கல்கத்தாவில் தனியாகவே பலூனில் ஏறினார்.

இந்தத் தொழிலில் அதிகம் புழங்கியது புகை பலூன். அதைக் கிளப்பும் வேலையே பாதி நாடகம். மைதானத்தில் ஒரு குழி வெட்டி விறகு அடுக்குவார்கள். அங்கிருந்து ஒரு வாய்க்கால் தோண்டி, மேலே தகடு போட்டு மூடி, அதன் மறுமுனையில் புகைபோக்கி வைப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கும் துணிப்பையின் வாய் அந்தப் புகைபோக்கியின் மேல் கவிழ்ந்திருக்கும். தீயில் மண்ணெண்ணெய் ஊற்ற ஊற்ற, பை மெல்ல உப்பி எழும்; கூட்டத்திலிருந்து வந்த ஆட்கள் கயிறுகளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பொறி பட்டாலும் துணி பற்றிக்கொள்ளும். ஒரு கிழிசல் விழுந்தாலும் அன்றைய காட்சி முடிந்தது.

15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, 100 டிகிரியில் அது 0.95 கிலோவாகக் குறைகிறது. ஒரு கன மீட்டருக்குக் கால் கிலோ அளவே தூக்கும் வலு கிடைப்பதால், துணியையும் ஓர் ஆளையும் தூக்கப் பல நூறு கன மீட்டர் கொள்ளும் பை தேவைப்பட்டது. எடைக்கும் தீ விபத்துக்கும் அஞ்சி அடுப்பைக் கூடவே கொண்டுபோவதில்லை. கயிற்றை விட்டதும் பலூன் விருட்டென்று ஏறும். சில நிமிடங்களில் உள்ளே காற்று ஆறிவிடும். கூடை கிடையாது. கீழே தொங்கும் ஊஞ்சல் கட்டையில் உட்கார்ந்தபடி வித்தை காட்டுபவர், பலூன் இறங்கத் தொடங்குமுன் பாராசூட்டோடு பிரிந்தாக வேண்டும்.

அப்படி ஊஞ்சலில் தொங்கியவர்களில் ஒருவர் லெய்லா அடேர். 'வான ராணி' என்று விளம்பரம் செய்துகொண்டு 1894இல் நியூசிலாந்தைச் சுற்றி வந்த இவர், ஆக்லாந்துக்குத் தெற்கே ஹாமில்டனிலும் பறந்தார். அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்ற மறு ஆண்டு அது. இத்தொழிலில் பெண்களுக்கு இருந்த ஆபத்தையும் மறக்கக்கூடாது: 1892 மார்ச்சில் டாக்காவில் ஜானெட் வான் டாசல் என்ற பலூன் கலைஞர் பாராசூட்டோடு மரத்தில் சிக்கி, மீட்கும்போது விழுந்து உயிரிழந்தார்.

ஆக்லாந்து பலூனுக்கு ஏற்ற ஊரும் அல்ல, ஏற்காத ஊரும் அல்ல. நகரின் மிகப் பழைய பூங்காவான டொமைன், அணைந்துபோன எரிமலை வாயில் அமைந்தது. சுற்றிலும் மேடு, நடுவே சமதளம். ஆயிரக்கணக்கானோர் சரிவில் உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் நகரமே இரண்டு கடல்களுக்கு இடைப்பட்ட ஓர் ஒடுங்கிய நிலப்பட்டை. ஓட்டாஹூஹூ அருகே அதன் அகலம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. எப்போது பாராசூட்டோடு பிரிவது என்பதை மட்டுமே பலூன்காரர் தீர்மானிக்க முடியும். திசை காற்றின் கையில். இங்கே அதிகம் வீசும் தென்மேற்குக் காற்று பலூனை வைட்டமட்டா துறைமுகத்தின் பக்கம் தள்ளும். வருமானமும் கையில் நிற்காது: நுழைவுச்சீட்டுக்கு வேலி கட்டலாம், மேலே ஏறிய பலூனையோ வெளியே நிற்பவர்களும் காசில்லாமல் பார்த்துவிடுவார்கள். அடுத்த ஊருக்கு விரைவதைத் தவிர பலூன்காரர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

டேவிட் மஹோனி என்பவர் 'கேப்டன் லோரைன்' என்ற மேடைப்பெயரில் 1899இல் டொமைனிலிருந்து பறந்தார். பிறகு தெற்கே சென்ற அவர், நவம்பர் 2 அன்று கிறைஸ்ட்சர்ச்சின் லங்காஸ்டர் பார்க்கிலிருந்து ஏறினார். பலூன் குன்றுகளைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது. லிட்டெல்டன் துறைமுகத்துக்கு அப்பால் நீரில் விழுந்தவரின் உடல் கிடைக்கவே இல்லை. நியூசிலாந்தின் முதல் வான்பறப்பு மரணம் அதுதான். பார்வையாளர்கள் கொடுத்த சில காசுக்காக ஓர் உயிர் போயிருக்கிறது. அக்கால விளம்பரங்களின் ஆரவாரத்தைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திசையை மனிதரே தீர்மானிக்கும் பறப்பு ஆக்லாந்துக்கு 1911 பிப்ரவரி 5 அன்று வந்தது. நகரின் தெற்கே பாப்பாகுராவில் விவியன் வால்ஷ் 'மனுரேவா' என்ற இரட்டைச் சிறகு விமானத்தை ஓட்டினார். அதன்பின் புகை பலூனுக்குக் கூட்டம் குறைந்தது. அமெரிக்காவில் 1960இல் எட் யோஸ்ட் புரோபேன் அடுப்பைப் பலூனோடு சேர்த்தே பறக்கவிட்டார். பொள்ளாச்சி பலூன் விழாவில் தமிழர்கள் பார்ப்பது அந்த வகையைத்தான். நியூசிலாந்தின் பெரிய பலூன் விழா 1999 முதல் நடந்துவருவது ஹாமில்டனில்: கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய, இறங்க வயல்வெளிகள் நிறைந்த சமவெளி.